செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடும் டிவி

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் சந்து. அந்தச் சந்தில் டிவி ஓடாவிட்டால் நிம்மதியடைகிற ஒரே ஆள் ரோசிதான். மற்ற வீடுகளில் டிவி நின்றால் வீட்டோடு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் வந்துவிடுவேன், பொய் சொல்வானேன். ரோசி மட்டும், டிவி ஓடவில்லை என்று உறுதியான பிறகு அதை அணைத்துவிட்டு, போய் உலை வைப்பாள்.

நான் பர்னபாஸ். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரோசிக்கு எதிர்வீடு. அவள் மகன் நெல்சனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டதற்கு அவனுக்குப் பதிலாக விட்டுவிடுகிறேன் என்று சொன்னவன். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன். பர்னபாஸுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். கோபம் வரவேண்டிய விஷயத்துக்கு வராமல் இருந்தால்தான் தப்பு.

ரோசிக்கு மீன் ஆய்கிற வேலை. மீன் வாங்கியவர்கள் பையோடு அவள் முன்னால் வந்து நிற்பார்கள். செதில் சீவி, செவுள் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் கழுவி, குழம்புக்கா வறுவலுக்கா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுத் துண்டு போட்டுக் கொடுப்பாள். விடிகாலையில் அருவாமணை முன்னால் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். ஐஸில் கிடந்த மீனைப் புரட்டிப் புரட்டி அவள் விரல்கள் மரத்துப்போகும். அருவாமணை பட்டால்கூட வலி தெரியாது. கழுவுகிற தண்ணீர் சிவந்த பிறகுதான், அட, நம் ரத்தம் என்று பார்ப்பாள். கல்யாணமான புதிதில் அதற்காக அழுதிருக்கிறாள். அப்புறம் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மீனை எடுக்கப் பழகிக்கொண்டாள்.

அவள் புருஷன் சிலுவைமுத்து துறைமுகத்தில் வேலை பார்த்தவன். என்னைவிட இளையவன், என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவன். எங்கள் கோயில் பங்கில் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவன்தான். வேறு யாராவது கை வைத்தால் சண்டைக்குப் போவான். கடைசியில் மூச்சு நோய் வந்து படுத்தான். ஆக்சிஜன் மெஷினோடு கூடத்துக் கட்டிலில் கிடந்தான். சிலுவை தூக்கிய ஆளுக்குத் தன் தலையைத் தூக்க முடியவில்லை.

அப்போதுதான் நெல்சன் அந்த ஸ்டிக்கை வாங்கி வந்தான். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அதை டிவியின் பின்னால் செருகினால் வைஃபையில் எல்லாச் சேனலும் நேரடியாக வருகிறது. மழை பெய்தால் கேபிள் போய்விடுகிறது, படுத்திருக்கிற மனிதர் வெறும் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொல்லித்தான் வாங்கினான். கேபிள் தொழில் படுத்துப்போய், இப்போது வீடுவீடாக ஸ்டிக் மாட்டிக்கொடுக்கிற தாமோதரன் வந்து மாட்டினான். நெல்சன் பெயரில் கணக்கு. டிவியைப் போட்டால் ஒரு மஞ்சள் வட்டத்துக்குள் அவன் பெயர் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு டிவியில்தான் பார்க்க முடியும் என்று தாமோதரன் அன்றைக்கே சொன்னான். ஒரு டிவிதானே இருக்கிறது என்று நாங்களும் தலையாட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை ரோசி வேளாங்கண்ணிப் பூசையைப் போட்டுவிடுவாள். கோயிலுக்குப் போகமுடியாத புருஷனுக்குக் கோயிலே வீட்டுக்கு வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது.

சிலுவைமுத்து போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், மத்தியானம். அந்த வாரமே சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட நேரத்தில் கட்டிலருகே யாராவது உட்கார்ந்து காதோரமாகச் செபம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். போகிற உயிர் சேசு மரி சூசை என்ற பெயர்களைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். ரோசி ராத்திரியெல்லாம் சொல்லிவிட்டு, டிவியில் பூசையைப் போட்டுவிட்டு, நெல்சனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கஞ்சி வைக்கப் போனாள். நான் என் வீட்டு வாசலில் இருந்தேன். திடீரென்று அங்கிருந்து கிரிக்கெட் சத்தம். கூட்டம் கத்துவது தெருவரைக்கும் கேட்டது. நல்ல மேட்ச் போலிருக்கிறதே, ஸ்கோர் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நான் எழுந்து போனேன். நான் படி ஏறும்போது ரோசி கஞ்சிக் கிண்ணத்தோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நெல்சன் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். சிலுவைமுத்துவுக்கு மூச்சு இல்லை.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. சாமியார், பங்குப் பேரவைக்காரர்கள், துறைமுகத்து ஆட்கள், செபமாலை சொல்கிற பெண்கள். ஒரு அம்மாள், கடைசி நேரத்தில் காதில் செபம் சொன்னீர்களா என்று கேட்டாள். எல்லோரும் ரோசியைப் பார்த்தார்கள். ரோசி எழுந்து நின்றாள். மகனைப் பார்த்தாள்.

"கேளுங்க, இவனைக் கேளுங்க. மாதா பேரு வுழ வேண்டிய காதுல சிக்ஸர் சத்தத்த வுட்டுட்டான். பூசைய நிறுத்திட்டு மேட்ச் போட்டுகினு குந்திகினு இருந்தான். பெத்த அப்பன் செத்தது கூட தெர்ல இவனுக்கு. டிவி பாத்துகினே அனுப்பி வெச்சிட்டான்."

நெல்சன் எழுந்து வாசலில் நாற்காலி போடப் போனான். பெட்டியைத் தூக்கினான், மண் போட்டான், வந்தவர்களுக்கு டீ கொடுத்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு, வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். எங்கே என்று சொல்லவில்லை. போன் நம்பர் செத்துப்போயிருந்தது. ஞானத்தகப்பன் என்று ஒருத்தன் இருக்கிறானே, அவனுக்காவது ஒரு தகவல் சொல்லவேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ரோசிக்கு ஆத்திரம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மறுநாளே அருவாமணை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், கோயிலுக்கு வா என்றால் வந்தாள். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு அழுதபோது, இவள் காற்றில் அணைகிற மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஏன்டியம்மா, உனக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். "ஒண்ணியும் தெர்லண்ணே. உள்ள ஐஸு வெச்சாப்ல கீது" என்றாள்.

டிவியை அவள் தொடவே இல்லை. வைஃபையை நிறுத்தவும் இல்லை. நெல்சன் போட்டது, இருக்கட்டும் என்றாள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் வந்தது. அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் டிவியைப் போட்டிருக்கிறாள். கொடியேற்றம் வரவில்லை. கறுப்புத் திரையில் என்னவோ எழுத்து வந்தது. என்னைக் கூப்பிட்டாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். இந்தக் கணக்கில் இப்போது வேறொரு டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே பார்க்கவேண்டுமானால் அங்கே நிறுத்தட்டுமா என்று கேட்டிருந்தது.

"வேற டிவின்னா? இந்தக் கணக்கு நெல்சன்து ஆச்சே?"

"ஆமா."

"அப்ப அவன் பாத்துகினு கீறானா?"

"அப்டித்தான் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, நிறுத்து என்ற இடத்தை அமுக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். முப்பது வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன். அண்ணே என்று கூப்பிடுகிற வாய். கையைத் தட்டிவிட்டது அன்றைக்குத்தான்.

"நிறுத்தாத. பாக்கட்டும்."

அவளே டிவியை அணைத்தாள். கொஞ்ச நேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவன் டிவி பாக்குறான்னா நான் சொன்னத மறந்துட்டாண்ணே. மன்சுல வெச்சிகினு இருந்தா டிவி பக்கம் போவானா?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் கோயில் மணி அடித்து, விளக்குப் போட்டு, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு டிவியைப் போடுவாள். கறுப்புத் திரையும் எழுத்தும் வரும். எழுத்தைப் படிக்கமாட்டாள், வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பாள். வந்தால் அணைத்துவிடுவாள். தான் போட்டால் அவனுக்கு அங்கே நின்றுவிடுமோ என்று ஒரு பயம் வேறு. அதனால் கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். இவள் டிவியைப் போட்டு, ஓடவில்லை, பிள்ளை வேலையிலிருந்து வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டாள். இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். சிரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் டிவி ஓடும். முதல் செவ்வாய் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தாள். டிவியில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள், இவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் பழையபடி கறுப்புத் திரை வந்ததும்தான் அடங்கினாள். அடுத்த செவ்வாயும் ஓடியது. "செவ்வாக்கெயம அவனுக்கு செகண்ட் ஷிப்டு போல" என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் கோயில் நவநாள் செபத்துக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் இருந்தால் டிவி ஓடுவதைப் பார்க்கவேண்டி வருமே என்றுதான்.

அடுத்த வருஷம் கோடையில் வேம்பு ஒரு செய்தி கொண்டுவந்தான். வேம்பு வியாசர்பாடிக்காரன், கன்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லர் ஓட்டுகிறவன், டீக்கடையில் எனக்குப் பழக்கம்.

"நைனா, உன் ஞானப்புள்ள எண்ணூர்ல கன்டெய்னர் யார்டுல கீறான் நைனா. பொட்டி நம்பர் செக் பண்றான். விம்கோ நகர்ல ரூமு. நான் டெய்லி பாக்குறேன், ஆளு யாருன்னு நேத்துதான் தெரிஞ்சிச்சி."

எனக்கு டீ புரையேறிவிட்டது. துபாயா, குஜராத்தா என்று இரண்டு பேரும் எங்கெங்கோ நினைத்துக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருந்துகொண்டு எங்களைப் பைத்தியமாக்கியிருக்கிறான். "இன்னா சொன்னான்? வரானாமா?" என்று கேட்டேன்.

"ராயபுரம் போலாமா, வண்டியிலயே ஏறிக்கன்னேன். 'அம்மா கூப்ட்டாங்களா?'ன்னு கேட்டான். தெர்லப்பான்னேன். கம்முனு போய்ட்டான்."

நான் நேராக ரோசியிடம் போனேன். வரச்சொல்லி ஒரே ஒரு வார்த்தை சொல், வேம்பு போய்ச் சொல்லிக் கூட்டி வந்துவிடுவான் என்றேன். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வேணாண்ணே."

"இன்னாது, வேணாவா? பெத்த புள்ளடி!"

"அவன் நல்லா கீறான். டெய்லி வேலைக்கிப் போறான், வந்து டிவி பாக்குறான். மறந்துட்டு நிம்மதியா கீறான். என் மூஞ்சியப் பாத்தா அன்னிக்கி சொன்னது நெனப்புக்கு வரும். நான் போயி அத்த கெளறணுமா?"

எவ்வளவோ கத்தினேன். கல்லில் முட்டிக்கொண்ட மாதிரிதான். அந்தப் பாழாய்ப்போன திரை அவளுக்குத் தினமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பிள்ளை எதற்கு? அங்கே அவன் அம்மா கூப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கே இவள் அவன் சுகத்தைக் கெடுக்கக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் நான் ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் முகச்சவரத்துக்காக எழிலன் சலூனுக்குப் போனேன். எங்கள் சந்து முனையில்தான் சலூன். ஆனால் நான் எப்போதும் காலையில் போகிறவன், அப்போது டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அன்று கோபத்தில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் போனேன். கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. எழிலன் எனக்குச் சோப்பு போட்டுவிட்டு, காத்திருக்கிறவர்களுக்காக டிவியைப் போட்டான். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த டிவியில் ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. வட்டத்துக்குள் நெல்சன் என்று எழுதியிருந்தது.

"எய்லா, இன்னாடா இது? நெல்சன்னு வருது?"

"அதுவா, தாமோதரன் போட்டுக் குட்த்தது நைனா. யாரோ ஊர்ல இல்லாதவனோட கணக்காம், சொம்மாதான் கெடக்குதுன்னான். காலைல தொறந்தா மூட்ற வரைக்கும் ஓடிகினே கீது."

முகத்தில் சோப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவில் எழுதியிருந்தது என் கண்ணுக்கு நேராக இருந்தது: செவ்வாய் விடுமுறை. ஊரில் எல்லாச் சலூனுக்கும் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், ஒரு நாளாவது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. பாதிச் சவரத்தோடு எழுந்து போய்த் தாமோதரனைத் தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். "இப்ப இன்னா ஆய்ப்போச்சி? வேணும்னா எடுத்துடறேன்" என்றான். இன்னா ஆச்சு என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? எடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்துவிட்டால் எல்லா நாளும் ரோசி வீட்டில் டிவி ஓடும். பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் சாயங்காலம் டிவியைப் போடுவதும் அணைப்பதும் என் வாசலிலிருந்து தெரியும். முன்பு சிரிப்பு வந்த இடத்தில் இப்போது பார்க்கப் பிடிக்காமல் உள்ளே எழுந்து போய்விடுவேன். சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் இப்படியே கிழமாகிவிடுவார்கள். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் போனேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ரோசி, சாயங்காலத்துல அந்தக் கணக்குல பாக்குறது நெல்சன் இல்ல."

அவள் நிமிரவில்லை.

"நம்ம எய்லன் சலூன் டிவிம்மா. தாமோதரன் அங்கியும் போட்டு வெச்சிகீறான். நான் கண்ணால பாத்தேன்."

கத்தி நின்றது. தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அவள் மெதுவாக, "செவ்வாக்கெயம சலூன் லீவு" என்றாள். பிறகு மிச்ச வெங்காயத்தையும் அரிந்து முடித்தாள். தட்டில் தள்ளி வைத்தாள். அவ்வளவு வெங்காயம் அரிந்தும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்ப அவன் பாக்கல."

"நமக்குத் தெரியாதும்மா. தெரியாதுன்னுதான் சொல்றேன்."

அவள் எழுந்து கை கழுவினாள், புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். "விம்கோ நகருக்கு எப்டிண்ணே போறது?" என்று கேட்டாள்.

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறி டோல்கேட்டில் இறங்கினோம். அங்கிருந்து பஸ். ரயிலில் போகலாம், எனக்குப் பாஸ் இருக்கிறது என்றேன். அவள் காதில் விழவில்லை. வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பார்த்தாளா என்று சொல்லமுடியாது. போய் என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பயமாக இருக்கிறதா என்றேன். அதுவும் தெரியவில்லை என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அவன் கதவைச் சாத்திவிட்டால் இவளை நான் எப்படித் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவேன்?

வேம்பு சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மாடியில் வரிசையாக ரூம்கள். படிக்கட்டில் ஒரு பையன் உட்கார்ந்து செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்சன் ரூமில் இருப்பவனாம். "உள்ள கீறான், போங்க" என்று வழிவிட்டான். வெயிலில் ஏனப்பா உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே பார்க்கலாமே என்றேன்.

"உள்ள வெச்சிப் பாத்தா அவனுக்கு ஆவாது நைனா. கமென்ட்ரி சத்தம் கேட்டாலே எழுந்து வெளிய போய்டுவான். அவன் ரூம்ல இருக்கசொல்லோ நான் இங்க வந்துருவேன். நல்ல பையன், எதுக்கு வம்பு."

ரோசி படியில் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக என்ன தெரியவேண்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டுப் பார்த்தாளோ, அது தெரிந்துவிட்டது: அவன் மறக்கவில்லை. நான் அவள் தோளைத் தொட்டேன். ஏறினாள்.

நெல்சன் பாயில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். ரூமில் இரண்டு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் மஞ்சள் ஜாக்கெட், ஆணியில் ஹெல்மெட். செல்போன்கூடப் பட்டன் போன்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. பாயை உதறித் திருப்பிப் போட்டான். ரோசி உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். 

"டிவி இல்லியாடா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அவன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கவில்லை. சொம்பைப் பார்த்துக்கொண்டே, மீன் ஆயும்போது வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசினாள்.

"உங்க நைனாதான் போடச் சொன்னாரு. எனக்குத் தெரியும். 'பூசை போதுண்டா, மேட்ச் போடு'ன்னாரு. அடுப்பாண்ட நின்னுகினு நான் கேட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

நெல்சன் அசையவில்லை.  இது எனக்கும் தெரியாது.

"அத்தினி பேரும் என் வாயப் பாத்துகினு இருந்தாங்க. வருஷா வருஷம் சிலுவ தூக்கின மன்சன், கடசி மூச்சுல பூசைய நிறுத்தச் சொல்லிட்டுப் போனாருன்னு நான் எப்டிடா சொல்லுவேன்? சாமியாரு வேற நிக்கிறாரு. அவரு பேரு கெடக்கூடாதுன்னு உன் மேல போட்டேன். நீ உசுரோட கீற, தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

மாடிப் படியிலிருந்து மேட்ச் சத்தம் லேசாகக் கேட்டது. அந்தப் பையன் உடனே குறைத்துவிட்டான். நெல்சன் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.  பட்டன் தைத்த சட்டையை எடுத்து மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். மடித்ததைப் பாயில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"போட்டேம்மா. போட்ட ஒடனே சவுண்டு வெய்டான்னாரு. கட்டில்மேல வெச்ச ரிமோட்ட காணோம். தேடினா அவரு முதுகுக்கு அடியிலியே கெடக்குது. அவர லேசா புரட்டி எடுத்தேன். அப்பால டிவியப் பாத்துகினே சவுண்ட ஏத்தினேன். ஏத்திகினே இருந்தேன். போதும்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. இன்னும் ஏத்தினேன். 'போதுமா நைனா'ன்னு கேட்டேம்மா."